அச்சில் வெள்ளிக்கிழமை

பிப்ரவரி 3, வெள்ளி (அடித்துவிட்டு) சனி

காலையில் நல்ல பனி. பஸ் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் நித்யா விரலால் ஃபார்முலா எழுதிக்கொண்டே வந்தாள். அணுபுரத்தில் ஏறினால் செங்கல்பட்டு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

டைரி போன வருஷத்தது. இவருக்கு ஆபீஸில் யாரோ கான்ட்ராக்டர் கொடுத்தது. அட்டையையும் ஜனவரியையும் நித்யா கிழித்து ரஃப் போட்டுத் தீர்த்துவிட்டாள். மிச்சம் பிப்ரவரியிலிருந்து சும்மா கிடந்தது. கிழமைதான் ஒரு நாள் பின்னால். இன்று சனி, அச்சில் வெள்ளி. முதல் பக்கம் என்பதால் அடித்துத் திருத்தினேன். தினமும் அடித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எனக்குத் தெரியும், போதும்.

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம்: சத்தம் வராத வேலை இது ஒன்றுதான். இவர் சி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது டிவி கூடாது, மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது. பேனாவுக்கு மட்டும் தடை இல்லை.

நித்யாவுக்குப் பிளஸ் டூ. கணக்கு ட்யூஷன் செங்கல்பட்டில், சனி ஞாயிறு மட்டும், ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு. சார் வீட்டு வாசலில் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்போம். பேச்சு பூரா கட் ஆஃப். யார் பெண் எத்தனை, யார் பையன் எத்தனை. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன வாரம் கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டரை மணி நேரம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், எங்கே போனாய் என்று யாரும் கேட்காத இரண்டரை மணி நேரம் எனக்கு இதுதான்.

வாங்க: பெருங்காயம், நித்யாவுக்கு கிராஃப் நோட், இவர் பனியன்.


பிப்ரவரி 4, சனி

ஞாயிறு. கடைகள் பாதி அடைப்பு. நடக்க வசதி.

ராட்டினக்கிணறு தாண்டி ஒரு சந்து. பார்த்த பூ:

முருங்கைப் பூ, மூன்று வீட்டில்.

மாம்பூ. சுவருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஒரு மரம். கீழே நிற்கும் ஸ்கூட்டர் சீட் எல்லாம் பிசுபிசு.

கல்யாண முருங்கை. ஒன்றே ஒன்று. ஒரு இலை இல்லை, கிளை நுனிக்கு நுனி ரத்தச் சிவப்பு.

வேப்பம்பூ இன்னும் இல்லை. மொட்டுகூட இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

(இனி மு.பூ., மா.பூ., க.மு., வே.பூ. பக்கம் சின்னது, என் கையெழுத்து பெரியது.)

வீடுகள்: மொட்டைமாடிச் சுவரில் சிமெண்டுக் கிளி இரண்டு, ஒன்றுக்கு வால் இல்லை. ஒரு வீட்டு ஜன்னல் கம்பியில் சூரியன், கதிர் கதிராக. கட்சிக்காரர் வீடோ என்று பார்த்தால், அடுத்த வீட்டிலும் அதே சூரியன். ஒரே பட்டறை வேலை. ஒரு தண்ணீர்த் தொட்டிக்குத் தாமரை இதழ் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு எதற்கு இதழ்? அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்குமே இல்லை.

க.மு. மரத்துக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. நிலைப்படிக்கு மேல் வளைவில் சுண்ணாம்புச் சுதையில் ஒரு ஆள் முகம். முண்டாசு, முறுக்கு மீசை, காதோரம் ஒரு பூ. மூக்கு நுனி உடைந்திருக்கிறது. ராஜா என்று பெயர் வைத்தேன்.

எதிரே வண்டியில் இஸ்திரி போடுகிறவர், என்னம்மா மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாய், கழுத்து பிடித்துக்கொள்ளப்போகிறது என்றார். சும்மாதான் அண்ணாச்சி என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சியா? மளிகைக் கட வச்சிக்கினு கீறனா நானு?" சங்கரன்கோவில் வாய் இன்னும் போகவில்லை எனக்கு.


பிப்ரவரி 7, செவ்வாய்

சி ஷிப்ட். இவர் உள்ளே தூங்குகிறார். மணி பதினொன்று. வெண்டைக்காய் நறுக்கும் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. சோறு வடித்தேன். பருப்பைக் குக்கரில் வைக்காமல் சட்டியில் வேக வைத்தேன், ஒன்றேகால் மணி நேரம்.

எதிர் வீட்டு விமலா கதவைத் தட்டாமல் சுரண்டினாள். இந்த பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும், யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று. கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டு சைகையிலேயே பேசிவிட்டுப் போனாள்.

ஜன்னல் வழியே தெரிவது: க்ரீம் கலர் பிளாக். அதற்குப் பின்னால் க்ரீம் கலர் பிளாக். பிரவுன் கதவு, வெள்ளையில் நம்பர். பிளான்ட் குவார்ட்டர்ஸ், ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஆபீஸுக்கு எழுதிக் கேட்க வேண்டும். போன வருஷம் இவரே தூக்கக் கலக்கத்தில் பக்கத்து பிளாக்கில் அதே மாடியில் அதே கதவில் பெல் அடித்து, திறந்த அம்மாவிடம் டிபன் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாராம். பிளாக் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய், எனக்கும் அந்த அம்மாவுக்கும் தண்ணீர் கொடுக்கும்வரை வித்தியாசமே இல்லையா என்று அழுதேன்.

எல்லா வசதியும் இருக்கிறது. தண்ணீர், கரண்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஊரில் அக்கா கேட்டால் உனக்கென்ன குறை என்பாள். ஒரு குறையும் இல்லை. மூச்சு மட்டும் முட்டுகிறது.


பிப்ரவரி 10, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. பனி இல்லை.

ராஜாவைப் பார்த்தேன். பத்து நிமிஷம். இன்று முகத்தில் வெயில். எங்கே நின்று பார்த்தாலும் என்னையே பார்ப்பது போல.

க.மு. இன்னும் அப்படியே இருக்கிறது. சிவப்பு கொஞ்சமும் குறையவில்லை. நான்தான் மாறிப்போனேன், அது மாறவில்லை. ஊரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த அதே சிவப்பு.

பன்னிரண்டுக்குத் திரும்பி ஓடினேன். வரவே மனசில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு இதழ் வைக்கிறேன்.


பிப்ரவரி 11, சனி

ராஜாவுக்கு நேர் எதிரே நிழலில் நின்றேன். இந்த மாதிரி முகம் கொடுத்து என்னை ஒருத்தர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. போதும், கிளம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வே.பூ. இல்லை. அரசமரம் ஒன்று பாதி மொட்டை, பாதி செம்புத் தளிர்.

புது வீடு: இரும்பு கேட்டில் இரண்டு அன்னம், கழுத்தும் கழுத்தும் பின்னி. கேட்டைத் திறந்தால் அன்னங்கள் பிரிந்துவிடும். மூடினால்தான் சேரும். பால்காரர் வந்தார், பிரிந்தன.

நித்யா மாதிரித் தேர்வில் இருநூறுக்கு 171. அழுகை. எல்லா வழியையும் எழுதிவிட்டுக் கடைசியில் கூட்டலில் தப்பு செய்திருக்கிறாள். ஸ்டாண்டில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஐஸ் போடாமல்.


பிப்ரவரி 14, செவ்வாய்

கேஸ் புக் தேடுகிறேன் என்று அடுக்களை அலமாரியை இவர் தலைகீழாக்கி வைத்திருக்கிறார். கேஸ் புக் எப்போதும் போல ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. டைரியை இனி அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்க வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் என் சாமான் ஒன்று வீட்டில் எங்கேயாவது தனியாக இருக்கட்டும்.

சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாவு ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று போய்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

புதுசா இந்தச் சேலை என்று கேட்டார். ஆறு வருஷத்துச் சேலை.


பிப்ரவரி 17, வெள்ளி

சனிக்கிழமை. காலை ஏழரைக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது இவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நித்யாவை இனிமேல் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். ஷிப்ட்டை மாற்றிக்கொண்டாராம். அடுத்த வாரமும் மாற்றியாகிவிட்டதாம். பதினெட்டு வருஷத்தில் என் பிரசவத்துக்குக்கூட மாற்றாத ஷிப்ட்.

ஏன் என்றேன். உனக்கு அலைச்சல் என்றார். எனக்கு அலைச்சல் பிடிக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது? யாராவது அலைச்சல் பிடிக்கும் என்பார்களா?

அவர்கள் போன பிறகு தலையைப் பின்னலோடு அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். குளித்து, பூ வைத்து, செருப்பு வரை எடுத்து வைத்திருந்தேன். மணி பத்தானபோது இந்நேரம் கிளி வீடு என்று நினைத்தேன். பத்தேகாலுக்கு அன்னம். பத்தரைக்கு ராஜா.

விமலா வந்தாள். நேற்று சந்தைப் பையோடு மெயின் கேட் பக்கம் போனாயே, எங்கே என்று கேட்டாள். கூட்டுறவுக் கடைக்கு என்றேன். இல்லை, உங்க வீட்டுக்காரர் கேட்டார், வெள்ளிக்கிழமைகளில் கோமதி எங்கேயாவது போகிறாளா என்று, அதனால் கேட்டேன் என்றாள். கேட்டவர் எதற்குக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு ஏதோ விளங்கின மாதிரி இருந்தது.


பிப்ரவரி 18, சனி

ஞாயிறு. மறுபடி அவரே கூட்டிப்போனார்.

டவுன்ஷிப் ரோட்டிலேயே நடந்து பார்த்தேன். ஒரு சுற்று இருபது நிமிஷம். எதிரே வந்தவர்கள் பதினோரு பேர், பதினோரு பேரும் என்ன கோமதி தனியாக என்றார்கள். இரண்டாவது சுற்று போகவில்லை.

நித்யா சொன்னாள்: அப்பா ட்யூஷன் வாசலிலேயே நிற்கவில்லையாம். தெருத் தெருவாகப் போனாராம். ராஜா என்று யாராவது இருக்கிறார்களா என்று சார் வீட்டுப் பக்கத்துக் கடையில் கேட்டாராம். கடைக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார். யார்மா ராஜா என்றாள். அரிசி டின்னுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். டைரி இருந்தது. ஆனால் இதழ் இருந்த பக்கத்தில் இதழ் இல்லை. இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.


பிப்ரவரி 21, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

நித்யா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போன பிறகு மத்தியானம் கேட்டார். டைரியைப் படித்தீர்களா என்று நான் முந்தியே கேட்டிருக்க வேண்டும். மூன்று நாள் காத்திருந்தேன், அவரே கேட்கட்டும் என்று. அந்த வீம்பு என்னிடம் உண்டு.

"யாரு அந்த ராஜா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அது எனக்கு உறைத்தது.

"சிரிக்கிறியா நீ? ட்யூஷன் சனி ஞாயிறு. வெள்ளிக்கெழம இன்னா வேல உனக்கு அங்க? நான் ஏ ஷிப்ட்ல கீறேன், நீ பஸ் ஏறிப் போய்க்கினு கீற."

வெள்ளிக்கிழமை எங்கே வந்தது என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவர் டைரியை விரித்துத் தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பிப்ரவரி 10. அச்சில் வெள்ளி.

அடக் கடவுளே. அட்டை இல்லை, வருஷம் எங்கேயும் போடவில்லை. அடித்துத் திருத்திய முதல் பக்கத்தை அவர் பார்க்கவில்லை. இதழ் இருந்த இடத்தில் டைரி தானாகத் திறந்திருக்கிறது, அங்கேயிருந்து படித்திருக்கிறார். தானே கொண்டுவந்த டைரி என்பதும் நினைவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது.

"க.மு.ன்னா இன்னா? கல்யாணத்துக்கு முந்தி. அதானே? சிவப்பு கொறையல, நான்தான் மாறிட்டேன்னு எழுதிக்கீற. அவ்ளோ நாளாவா கோமதி?"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. இந்த மனுஷன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. அவர் அம்மா செத்தபோதுகூட இல்லை.

கல்யாண முருங்கை என்றேன். மரம் என்றேன். ராஜா சுதை பொம்மை என்றேன். டைரி போன வருஷத்தது, காலண்டரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். காலண்டரை நானே ஆணியோடு பிடுங்கிக் கொண்டுவந்து போட்டேன். பார்த்தார். கிழமை புரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

சுவரில் இருக்கிற பொம்மையைப் பார்க்க ஒருத்தி வாரா வாரம் போவாளா என்று கேட்டார். ஆளைப் பார்க்கப் போனேன் என்றால் நம்புகிறார். பொம்மையைப் பார்க்கப் போனேன் என்றால் நம்ப முடியவில்லை.


பிப்ரவரி 25, சனி

ஞாயிறு. கடைசி ட்யூஷன். மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு வந்தார்.

நித்யாவை விட்டுவிட்டு நான் முன்னால், அவர் பின்னால். கிளி வீடு, அன்னம், தாமரைத் தொட்டி எதையும் நான் காட்டவில்லை. நேரே ராஜா. க.மு. பாதி உதிர்ந்து தரை முழுக்கச் சிவப்பு. அதோ என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முண்டாசு, மீசை, உடைந்த மூக்கு. காதில் பூ.

இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்ததும் எங்கேம்மா ஆளையே காணோம் என்றார். இவர் அவரிடம் போய், இந்த அம்மா இங்கே வருமா என்று கேட்டார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்தம்மாவா? வரும். நிக்கும். மேல பாக்கும். போயிரும். பாவம், யாராண்டயும் பேசாது."

என் இரண்டரை மணி நேரம் மொத்தமும் அவ்வளவுதான், நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாவம்தான் சுருக்கென்றது.

அது ராஜா இல்லையாம். அந்த வீட்டுச் சொந்தக்காரர் தன் போட்டோவைக் கொடுத்துத் தன் முகத்தை வைக்கச் சொன்னாராம். சாரத்தில் ஏறின மேஸ்திரி தன் முகத்தையே செய்து வைத்துவிட்டாராம். சாரம் பிரித்த பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். இஸ்திரிக்காரரின் அப்பா சொன்ன கதை. இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பில் சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது இரண்டு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தூங்கிவிட்டார், என் தோளில்.

எல்லாம் சரியாகிவிட்டது. அப்புறம் ஏன் எனக்கு இத்தனை கோபம்?

பத்து நாள் இவர் என்னைப் பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், சேலையைப் பார்த்தார், எங்கே போகிறாய் என்று யோசித்தார், தூக்கம் கெட்டார். எனக்கென்று உள்ளே ஏதோ இருக்கிறது என்று பயந்தார். பூ பார்த்தாள், பொம்மை பார்த்தாள் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.


மார்ச் 4, சனி

ஞாயிறு. நித்யா வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறாள். மொழிப்பாடம் முடிந்தது, கணக்கு இன்னும் வரவில்லை.

கதை பிளாக் முழுக்கத் தெரியும். இவரே சொன்னாராம், ஏ ஷிப்ட் பஸ்ஸில். தான் எப்படி ஏமாந்தோம் என்று தன்னையே கேலி செய்துதான் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. விமலா மாடிப்படியில் என்னைப் பார்த்து ராஜா சௌக்கியமா என்றாள். கூட்டுறவுக் கடையில் இரண்டு பேர். சிரித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

இவர் என்னைப் பைக்கில் மாமல்லபுரம் கூட்டிப்போனார். உனக்குச் சிலை பார்க்கப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போச்சே என்றார். உலகமே வந்து பார்க்கிற சிலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுச் சந்தில் போய் நின்றாயே என்றார். நின்று பார்த்தோம். கூட்டம், பலூன், வெள்ளரிப் பிஞ்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்னை நிறுத்திப் பார் பார் என்றார். பார்த்தேன். நன்றாக இருக்கிறது, யார் இல்லையென்றார்கள். ஆனால் அது பார்ப்பதற்கென்றே இருப்பது. டிக்கெட் வாங்கி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று.

வரும் வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டே, அதோ பூ, இதோ பூ என்று கை நீட்டினார். நான் திரும்புவதற்குள் போய்விட்டது. ஏழெட்டு மரம் அப்படிப் போனது. நல்லா கீது இல்ல என்றார். ஆமாம் என்றேன்.

கேட்டுவிட்டேன். பீச்சில் சுண்டல் சாப்பிடும்போது. வாரத்தில் ஒரு நாள் நான் மட்டும் செங்கல்பட்டு போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டுமா என்று. மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"தனியா இன்னாத்துக்கு? நான் கூட்டிக்கினு போறேனே."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கூடாது என்றிருந்தால் ஏன் என்றிருப்பேன். இதற்கு என்ன சொல்வது?


மார்ச் 7, செவ்வாய்

சி ஷிப்ட். பருப்பைச் சட்டியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. குக்கரே வச்சிக்கோ, நான் முழிச்சிக்கினுதான் கீறேன் என்று. பிப்ரவரி 3-ஐயும் படித்திருக்கிறார். எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

குக்கர் வைத்தேன். நாலு விசில். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை, சி ஷிப்ட் பகலில் இந்த வீட்டில் விசில். கேட்டுக்கொண்டு நின்றேன், அழுகை வந்தது. நல்ல மனுஷன். அதனால்தான் இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியவில்லை.

எழுந்து வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். புது டைரி. இந்த வருஷத்தது. மார்ச் மாசத்தில் எங்கே தேடிப் பிடித்தாரோ. இதில் கிழமை சரியாக இருக்கும், இனிமேல் குழப்பம் வராது என்றார். டிவி மேல் வைத்தார். இங்கேயே இருக்கட்டும், அரிசி டின் பக்கம் பூச்சி வரும் என்றார்.

இந்தப் பழைய டைரியில் எனக்கென்று ஒரு நாள் தனியாக இருந்தது. எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள். இன்றோடு அதுவும் சரியாகிவிட்டது.


(புது டைரி)

மார்ச் 8, வியாழன்

வெயில். காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார், அவரைப் பொரியல். இவர் லீவு. துணி ஊறவைத்துத் துவைத்தேன். நித்யா படித்தாள். வேறு விசேஷம் இல்லை.


மார்ச் 9, வெள்ளி

அச்சிலும் வெள்ளி.

இவர் ஏ ஷிப்ட். விடியும் முன்பே பிளான்ட் பஸ். நித்யாவுக்கு இன்று பரீட்சை இல்லை, விமலா பெண்ணோடு சேர்ந்து படிக்கிறாள். சோறு, குழம்பு, மூடி வைத்தாயிற்று. எங்கேம்மா என்றாள் நித்யா. செங்கல்பட்டு என்றேன். என்ன வேலை என்றாள். ஒரு வேலையும் இல்லை என்றேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள். குடை எடுத்துட்டுப் போம்மா, வெயில் என்றாள்.

மெயின் கேட்டில் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் செங்கல்பட்டு என்றேன். சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். போகட்டும்.

எட்டு பத்து பஸ். ஜன்னல் ஓரம்.

கிளி இரண்டும் இருக்கின்றன. அன்னம் கேட் மூடியிருந்தது, சேர்ந்திருந்தன. க.மு. முழுக்க உதிர்ந்து, நுனியில் பச்சை. புங்கமரம் தளிர் விட்டு மினுங்குகிறது. இஸ்திரி வண்டிக்கு மேலே இருக்கிற வேப்ப மரத்தில், எட்டாத உயரத்தில், ஒரு கொத்து. வேப்பம்பூ. முதல் பூ. சுருக்கி எழுதப்போவதில்லை.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இன்னாமா, இன்னிக்கி வெள்ளிக்கெழம ஆச்சே?"

ஆமா அண்ணாச்சி என்றேன்.

ஒன்றரைக்கு வீடு. இரண்டரைக்கு அவர் வருவார். டைரியை டிவி மேல் வைக்கப்போகிறேன், இந்தப் பக்கத்தைத் திறந்தபடி.

ராஜாவைப் பார்த்தேன்.